ஃபிடோநெட்டில் ஒன்பது மாதம்: 300 பாட் என்று ஒரு பொய்

ஃபிடோநெட் என்ற பழைய கணினி அஞ்சல் வலையமைப்பில் எனக்கு நோட் எண், அதாவது என் கணினிக்கான முகவரி, கிடைத்து ஒன்பது மாதம் ஆகிறது. இலவசமாகக் கிடைப்பதற்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா என்று நண்பன் கேட்டான். காசு வாங்கவில்லைதான். ஆனால் என் ஞாயிற்றுக்கிழமைகளை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டது. அதற்குக் கணக்குக் கேட்கலாம் அல்லவா.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் ஃபிடோ என்ற அறிவிப்புப் பலகை மென்பொருளை எழுதினார்; தொலைபேசி வழியாக ஒரு கணினிக்குள் வந்து கடிதம் படிக்கவும் எழுதவும் உதவுவது அது. பால்டிமோரில் இருந்த ஜான் மேடில் அதே மென்பொருளைத் தன் கணினியில் ஓட்டினார். தொலைபேசிக் கட்டணம் குறைவாக இருக்கும் ராத்திரி வேளையில் இரண்டு கணினிகளும் ஆளில்லாமலே ஒன்றையொன்று கூப்பிட்டுக் கடிதங்களை மாற்றிக்கொண்டன. ஃபிடோநெட்டின் தொடக்கம் இவ்வளவுதான். 1990-களின் நடுவில் அது நாற்பதாயிரத்தை ஒட்டிய நோட்கள் வரை வளர்ந்தது. எல்லாம் தனி ஆட்கள், வீட்டுக் கணினி, சொந்தச் செலவு. முதலாளி கிடையாது. பிறகு இணையம் வந்தது, கூட்டம் கரைந்தது. ஆசியாவுக்கென்று தனியாக இருந்த 6-ஆம் மண்டலத்தை 2007-இல் கலைத்து 3-ஆம் மண்டலத்தோடு சேர்த்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் இன்று மோடத்தைத் தொடுவதில்லை. பிங்க்பி என்ற நெறிமுறையில், 24554-ஆம் போர்ட் (கணினியின் இணைய வாசல்) வழியாக, இணையத்திலேயே பேசிக்கொள்கிறார்கள்.

சேவை எப்படி? வேகத்தில் குறை சொல்ல வழியே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கடிதம் கண்டம் தாண்ட இரண்டு மூன்று இரவு ஆகும் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். எனக்கு நான்கு விநாடியில் பதில் வந்து விழுந்திருக்கிறது, எதிரே ஆள் முழித்திருந்தால். விளம்பரம் கிடையாது. எதை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் மூளை எதுவும் நடுவில் உட்கார்ந்திருக்கவில்லை. எக்கோமெயில் என்ற பொது விவாதப் பகுதிகள் பலவற்றில் ஈ ஆடவில்லை. உயிரோடு இருக்கும் சிலவற்றில் பேச்சு கெட்டியாக இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பொழுது போகவில்லை என்பதல்ல, பிடித்துப்போய் வருகிறார்கள். அது எழுத்தில் தெரிகிறது.

என் சண்டை விதிப்புத்தகத்தோடுதான்.

சேர்வதற்கு முன் படிக்கச் சொல்லிக் கொடுத்த ஆவணத்தின் பெயர் பாலிசி 4, பதிப்பு 4.07, தேதி 1989 ஜூன் 9. இன்றைக்கும் நடப்பில் இருப்பது அதுதான். நோட் எண்ணுக்கு விண்ணப்பிப்பவர் கொடுக்க வேண்டிய விவரங்களை எட்டாக அடுக்கியிருக்கிறது: பெயர், பேசுவதற்கான தொலைபேசி எண், கணினிக்கு வைத்த பெயர், ஊர், கணினியைக் கூப்பிட வேண்டிய எண், இயங்கும் நேரம், அதிகபட்ச பாட் வேகம் (மோடம் தகவல் அனுப்பும் வேகம்), கடிதங்களை அனுப்பி வாங்கும் மெயிலர் மென்பொருளும் மோடம் வகையும். விண்ணப்பத்தை ஃபிடோநெட் வழியாகவே அனுப்ப வேண்டும். எண் கேட்கும் கடிதத்தை எண் இல்லாமலேயே அனுப்பிக் காட்டினால்தான் நம் மென்பொருள் வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தப் படிவமும் இவ்வளவு சுருக்கமாக ஒருவனைச் சோதித்ததில்லை.

ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். என்னிடம் மோடமே இல்லை. பாட் வேகத்துக்கு என்ன எழுதுவது? காலியாக விட்டு அனுப்பினேன். எண்களைக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 300 என்று போடுங்கள், எல்லோரும் அதைத்தான் போடுகிறோம்.

நோட்லிஸ்ட் என்பது இந்த வலையமைப்பின் தொலைபேசிப் புத்தகம். ஒரு நோட்டுக்கு ஒரு வரி, காற்புள்ளிகளால் பிரித்த கட்டங்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். அந்த வரியில் தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு, வேகத்துக்கு ஒரு கட்டம் உண்டு. இரண்டையும் காலியாக விட முடியாது. விட்டால் பழைய மென்பொருள்கள் தடுமாறும். ஆகவே எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘வெளியிடப்படாதது’ என்ற ஒரு சொல், வேகம் இருக்க வேண்டிய இடத்தில் 300. உண்மையான முகவரி வரியின் கடைசியில், கொடிகள் என்று சொல்லும் குறிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. வீட்டில் இழைவழி இணைப்பு இருக்கிறது. உலகத்துக்கு நான் அறிவித்திருப்பதோ, நொடிக்கு முப்பது எழுத்து அனுப்பும் மோடத்தின் வேகம்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், இவர்கள் விதியைப் புதுப்பிக்கும் முறையே இதுதான் என்று புரிந்தது. புத்தகத்தில் ஒரு எழுத்தையும் தொடுவதில்லை. தொழில்நுட்பக் குழு ஒன்று தனியாக இருக்கிறது, அது கொடிகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. பிங்க்பிக்கு ஒரு கொடி, டெல்நெட்டுக்கு ஒரு கொடி, பழைய வகை ஐ.பி. முகவரியில் வெளியிலிருந்து அழைப்பு வாங்க முடியாதவர்களுக்கு ஒரு கொடி. இந்தக் கடைசி வகைக் கஷ்டம் 1989-இல் யார் கனவிலும் வந்திருக்காது. சட்டம் ஒரு பக்கம் தூங்குகிறது, நடைமுறை இன்னொரு பக்கம் ஓடுகிறது. குடித்தனக்காரர் மாறி மாறி வந்தாலும் வாசலில் பழைய பெயர்ப்பலகையே தொங்கும் வீடு மாதிரி.

சரி, முழுசாகத் திருத்தி எழுதிவிட்டால் என்ன என்று ஒரு உற்சாகத்தில் பாலிசி 4-ஐ வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் என் எண்ணம் மூன்று தடவை மாறியது.

முதலில் அடித்துத் தள்ள நினைத்தது மண்டல அஞ்சல் நேரம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் தினம் ஒரு மணி நேரம் குறித்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் 1-ஆம் மண்டலத்துக்கு உலகப் பொது நேரம் 9 முதல் 10 வரை, ஐரோப்பாவின் 2-ஆம் மண்டலத்துக்கு 2.30 முதல் 3.30 வரை, 3-ஆம் மண்டலத்துக்கு 18 முதல் 19 வரை. அந்த ஒரு மணி நேரம் எல்லா நோட்டும் கடிதம் வாங்கத் தயாராக இருக்க வேண்டும். அப்போது ஆட்கள் உள்ளே வந்து படிக்கக் கூடாது, எக்கோமெயில் கூட மாற்றக் கூடாது. காரணத்தையும் விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்: பல தொலைபேசி அமைப்புகளில் இணைப்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அழைப்புக்குக் கட்டணம் விழும், ஆகவே அந்த நேரத்தில் இணைப்பை வேறு வேலைக்கு அடைத்து வைப்பது அடுத்தவர் பணத்தை வீணாக்குவது. இன்றைக்கு எந்த அழைப்புக்கும் கட்டணம் இல்லை, எந்த இணைப்பும் ‘பிஸி’யாக இருப்பதில்லை. இந்த விதியைத் தூக்கி எறியலாம் என்று பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

ஆனால் அதே பத்தியில் ஒரு சொற்றொடர் கண்ணில் பட்டது. எந்த நெறிமுறையில் கடிதம் வாங்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், தொழில்நுட்பக் குழுவின் நடப்பு வெளியீட்டில் சொல்லியிருக்கும் நெறிமுறை என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ‘இதை எழுதும்போது அது எஃப்.டி.எஸ்.-0001’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தில் நான் பார்த்த புத்திசாலித்தனமான இடம் இதுதான். நெறிமுறை மாறும் என்று தெரிந்து கதவுக்குக் கீல் வைத்திருக்கிறார்கள். கீல் வைத்த இடம் இன்றைக்கும் ஆடுகிறது. கீல் வைக்காமல் ஆணி அடித்த இடங்கள்தான் துரு ஏறிக் கிடக்கின்றன. உதாரணத்துக்கு, நெட் என்ற நோட் குழு என்றால் வசதியாகத் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய அருகிலுள்ள பகுதி என்கிறது விதி. இன்றைக்கு அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. யாரும் அதை மாற்றவும் இல்லை, மதிக்கவும் இல்லை.

இரண்டாவது தடவை எண்ணம் மாறியது என் சொந்த மடத்தனத்தால். ரவுட்டரை மாற்றியபோது, போர்ட்களைத் துழாவும் திருட்டு நிரல்களை ஏமாற்ற ஒரு பொறி வைத்தேன். எந்தப் போர்ட்டில் தட்டினாலும் கதவைத் திறக்கும், ஆனால் வாயைத் திறக்காது. வந்தவன் காத்துக் காத்துச் சலித்துப் போக வேண்டும். 24554-ஐ மட்டும் விலக்கி வைக்க மறந்துவிட்டேன். மூன்று நாள் கடிதமே வரவில்லை. ஊர் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று நானும் சும்மா இருந்தேன். நான்காம் நாள், எனக்கு மேலே இருக்கும் நோட்காரர் வேறு வழியில் சொல்லி அனுப்பினார்: “உங்கள் பெட்டி எடுக்கிறது, ஆனால் பேச மாட்டேன் என்கிறது. என் வரிசை முழுக்க உங்களால் நிற்கிறது.” அவருடைய பதிவேட்டை அனுப்பியிருந்தார். இணைப்புக் கிடைத்தது, காத்திருக்கிறேன், நேரம் முடிந்தது. மறுபடி இணைப்புக் கிடைத்தது, காத்திருக்கிறேன், நேரம் முடிந்தது. இப்படியே பக்கம் பக்கமாக.

அன்றைக்கு ராத்திரி பாலிசி 4-ஐப் புரட்டினால், கணினியை நிறுத்தி வைக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் ஒரு விதி. நான் ஏற்கெனவே ‘பழங்கதை’ என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்த விதி. மோடம் இருக்கும் தொலைபேசி இணைப்பில் பதிலளிக்கும் இயந்திரத்தைச் செருகி வைக்காதே. கூப்பிடுகிற கணினிக்கு அது இயந்திரம் என்று தெரியாது, இணைப்புக் கிடைத்துவிட்டதென்று திரும்பத் திரும்பக் கூப்பிடும், அடுத்தவனுக்குக் கட்டணம் ஏறும். கடிதம் வாங்குவேன் என்று பட்டியலில் சொல்லியிருக்கும் நேரத்தில் அந்த இணைப்பை எடுக்க வேண்டியது ஃபிடோநெட் மென்பொருள் மட்டுமே.

நான் செய்தது அதேதான். தொலைபேசிக்குப் பதில் ரவுட்டர், பதிலளிக்கும் இயந்திரத்துக்குப் பதில் பொறி. 1989-இல் எழுதியவர் என் மூஞ்சியைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ஓரத்தில் எழுதிய ‘பழங்கதை’யை அழித்தேன். இந்த விதியைத் திருத்தச் சொன்னால் இயந்திரத்தின் பெயரை எடுத்துவிட்டுக் காரணத்தை மட்டும் விடுவேன்: எடுத்தால் பேசு, பேச முடியாதென்றால் எடுக்காதே.

எனக்கு இன்னும் செரிக்காத விதி ஒன்று உண்டு. மறையாக்கம் செய்த கடிதத்தை, வழியில் இருக்கும் எல்லா நோட்காரர்களின் வெளிப்படையான அனுமதியும் இல்லாமல் அவர்கள் வழியாக அனுப்பினால், அது எரிச்சலூட்டும் நடத்தை. தன் கணினி வழியாகப் போகும் கடிதங்களைப் பார்க்க நோட்காரருக்கு உரிமை உண்டு என்றும் அது சொல்கிறது. இது அமெச்சூர் அமைப்பு, அந்தரங்கத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்று ஒளிவுமறைவில்லாமல் முன்னாலேயே சொல்லியும் விடுகிறது. நேர்மையைப் பாராட்டுகிறேன். தன் வழியாகப் போகும் எல்லாவற்றுக்கும் நோட்காரரே பொறுப்பு என்ற இன்னொரு விதியோடு சேர்த்துப் பார்த்தால் தர்க்கமும் புரிகிறது. என்ன இருக்கிறது என்று தெரியாத மூட்டையைத் தலையில் தூக்கு என்றால் யார் தூக்குவார்கள்? ஆனால் காலம் மாறிவிட்டது. பூட்டாத கடிதம்தான் இன்றைக்கு விசித்திரம். இதற்கு நான் எழுதிய திருத்தத்தை நான்கு முறை கிழித்துப் போட்டேன். மூட்டையைத் தூக்குகிறவரின் பயமும் நியாயம், அனுப்புகிறவரின் கூச்சமும் நியாயம். ஐந்தாவது வரைவு இழுப்பறையில் தூங்குகிறது.

மொழி விஷயமும் சொல்ல வேண்டும். ஃபிடோநெட்டின் அலுவல் மொழி ஆங்கிலம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டு, பிற மொழிகளில் பெயர்ப்பதை ஊக்குவிக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். கண்ணில் பட்டதும் வேலையைத் தொடங்கிவிட்டேன். புத்தகம் அடிக்கடி உச்சரிக்கும் குற்றம் ஒன்றே ஒன்று: அளவுக்கு மீறி எரிச்சலூட்டுதல். மொத்த நீதிமுறையையும் இரண்டு கட்டளையில் அடக்கியிருக்கிறார்கள். பிறரை அளவுக்கு மீறி எரிச்சலூட்டாதே. நீயும் தொட்டதற்கெல்லாம் எரிச்சல்படாதே. தமிழில் எழுதிப் பார்க்கும்போதுதான் ‘அளவுக்கு மீறி’ என்ற சொல்லின் கனம் தெரிந்தது. கொஞ்சம் எரிச்சலூட்டலாம், அது ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது! இந்த இரண்டு வரியில் எந்த இயந்திரத்தின் பெயரும் இல்லை. திருத்த ஒன்றும் இல்லை.

மொழிபெயர்த்ததில் ஒரு பத்தியைச் சோதனைப் பகுதியில் போட்டேன். எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீடு என்று தலைப்பில் முறையாகக் குறித்தும் அனுப்பினேன். அதற்கும் தரம் இருக்கிறது, கொடிக்காரர்கள் எழுதியதுதான். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் மேற்கோளில் என் தமிழ் அப்படியே வந்தது. இன்னொருவர் மேற்கோளில் கேள்விக்குறிகள் மட்டும், வரிசையாக, சீருடையில் நிற்கும் சிறுவர்கள் போல. கீழே அவர் எழுதியிருந்தார்: என் கேள்வியும் அதுதான். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. நோட்லிஸ்டில் பெயரைத் தமிழில் போடும் கனவைத் தற்போதைக்குக் கைவிட்டேன். அந்தக் கோப்புக்கு அடிப்படை ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறெதுவும் ஆகாது, பெயர்களுக்கு நடுவில் இடைவெளிகூட ஆகாது, அடிக்கோடு போட வேண்டும்.

திருத்துவதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. நோட்கள் சேர்ந்தால் நெட், நெட்கள் சேர்ந்தால் வட்டாரம், வட்டாரங்கள் சேர்ந்தால் மண்டலம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர். வட்டார ஒருங்கிணைப்பாளர்களில் பெரும்பான்மையோர் சர்வதேச ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் வாக்கெடுப்பு வைக்கலாம். வாக்கு நெட் ஒருங்கிணைப்பாளருக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் மட்டும். என்னைப் போன்ற சாதாரண நோட்டுக்குக் கிடையாது. நெட் ஒருங்கிணைப்பாளரை நியமிப்பது வட்டாரக்காரர், வட்டாரக்காரரை நியமிப்பது மண்டலக்காரர், மண்டலக்காரரைத் தேர்ந்தெடுப்பது வட்டாரக்காரர்கள். கோழியும் முட்டையும் ஒன்றுக்கொன்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மாதிரி. ஆள் நிறைய இருந்த காலத்தில் இது ஓடியிருக்கலாம். என் நெட்டில் இப்போது பதினொரு வரி. நெட் ஒருங்கிணைப்பாளர், வட்டார ஒருங்கிணைப்பாளர் இரண்டு இடத்திலும் ஒரே பெயர். நெட் ஒருங்கிணைப்பாளரின் முடிவை எதிர்த்து வட்டாரத்தில் மேல்முறையீடு செய்தால், காலையில் மறுத்தவரே மாலையில் விசாரிப்பார்.

அவரிடமே என் திருத்தங்களை அனுப்பினேன்: மண்டல அஞ்சல் நேரத்தை எடுத்துவிடுவது, நெட்டுக்குத் தொலைபேசி எல்லையை எடுத்துவிடுவது, சாதாரண நோட்டுக்கும் ஒரு வாக்கு. பொறுமையாகப் படித்துவிட்டு எழுதினார். இரண்டாவதும் மூன்றாவதும் சரி, தன் வாக்கு உண்டு, ஆனால் மற்ற வட்டாரங்களை எழுப்ப வேண்டுமே என்றார். முதலாவதை மட்டும் அவசரப்படாதீர்கள் என்றார். காரணம் சொல்லவில்லை.

காரணம் போன மாதம் தானாக வந்தது. மூன்றாவது தடவை எண்ணம் மாறியது அப்போதுதான். நோட் ஓடிக்கொண்டிருந்த ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியின் மெமரி கார்டு செத்துப்போனது. கைவசம் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. அதன் விசிறி போடும் சத்தத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட முடியாது, வீட்டில் என்னைத் துரத்திவிடுவார்கள். எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதினேன். அவர் பதில்: எதற்கு? நாள் முழுக்க வாங்குவேன் என்று அறிவிக்கும் சி.எம். கொடியை எடுத்துவிடுங்கள், மண்டல அஞ்சல் நேரம் ஒரு மணி நேரம் மட்டும் பெட்டியைத் திறந்து வையுங்கள், விதிப்படி அது போதும், அதற்குமேல் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

உண்மைதான். நான் கோடு போட்டு அடித்திருந்த விதி சொல்வதும் அதுதான். கட்டணத்துக்காக வைத்த ஒரு மணி நேரம், முழுநேரமும் பெட்டி ஓட்ட முடியாதவனுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று யாராவது ‘நவீனமாக’ இதைத் திருத்தியிருந்தால் நான் இந்நேரம் வெளியே. பென்சில் கோட்டை ரப்பரால் தேய்த்தேன். கோடு போய்விட்டது, தாளில் தடம் மட்டும் இருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், சேவைக்கு நான்கு. விதிப்புத்தகத்துக்கு ஆரம்பத்தில் ஒன்று போட்டிருந்தேன், இப்போது மூன்று. வாக்குரிமை கொடுத்தால் இன்னும் ஒன்று கூட்டுவேன். உடனுக்குடன் கூட்டம் வேண்டும் என்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

பழைய விசிறி தினம் ஒரு மணி நேரம் இரைகிறது, கடிதங்கள் வந்து இறங்குகின்றன, மூடிவிட்டுப் படுக்கப் போகிறேன். இந்த வெள்ளிக்கிழமை வந்த நோட்லிஸ்டில் என் வரியைத் தேடிப் பார்த்தேன். சி.எம். போய்விட்டது. 300 அப்படியே இருக்கிறது.